சாவி திருப்பும் கை

ஷ்யாம்சுந்தர் டர்போ போட்ட கார் வைத்திருக்கிறார் என்றால் அவருடைய ஆபீஸில் ஒருவரும் நம்பமாட்டார்கள். காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். எந்த மாணவன் எந்த ஹாலில் எந்த பெஞ்சில் உட்கார வேண்டும் என்று திட்டம் போடுவது அவர் வேலை. கேன்டீன் வரிசையில் யாராவது நடுவில் நுழைந்தால் அரை அடி பின்னால் நகர்ந்து இடம் கொடுப்பார். லிஃப்டில் எல்லோரும் ஏறிய பிறகு, இன்னும் இடம் இருந்தால், ஏறுவார். அவர் குரல் உயர்ந்து கேட்டவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

வண்டியும் அவரைப் போலத்தான். பதினோரு வருடத்துச் சின்னக் கார், சாம்பல் நிறம், பெட்ரோல். தொலைபேசி இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் கம்பமும் கேபிளுமாக அலைந்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பா லக்ஷ்மிநாராயணன், ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. ஏசியைப் போட்டுக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து தாம்பரம் மேம்பாலத்தில் ஏறினால் இரண்டாவது கியரில் முனகும். ஷேர் ஆட்டோக்கள் இடது பக்கமாகத் தாண்டிப் போகும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பக்கத்துச் சாலையிலிருந்து நுழைவதுதான் ஷ்யாம்சுந்தருக்குத் தினசரி அவமானம். இரண்டு லாரிக்கு நடுவில் ஓர் இடைவெளி வரும். மிதிப்பார். மிதித்தால் வண்டி யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் அந்த இடைவெளி வேறொருவருடையதாகிவிடும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்.

இரண்டு வருடம் போனில் வீடியோக்களாகப் பார்த்தார். யாருக்கும் தெரியாது. மனைவி ஸ்ம்ருதி, அவர் ஏதோ வெப் சீரிஸ் பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள். எஞ்சினிலிருந்து புகையாக வெளியே போகிற காற்றின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சுற்றைக் கொண்டே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற கருவி டர்போ. சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். தழலாய்ச் சிவக்கும் அந்தச் சூட்டில் அது உருகாமல் சிக்காமல் சுற்றுவதற்கு, எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக வந்துகொண்டே இருக்கும் எண்ணெய் ஒன்றுதான் துணை. வெளியே தள்ளுகிற வெறும் புகையில் இவ்வளவு பலம் இருக்கிறது என்பது அவரை என்னவோ செய்தது.

போன வருடம் பொங்கல் முடிந்ததும் முடிச்சூர் ரோட்டில் இருக்கும் பர்வேஸின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டார். பர்வேஸுக்கு முப்பது வயது. அவனுடைய அத்தா முஸ்தபா டீசல் வண்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதில் பேர் எடுத்தவர். பர்வேஸ் ஏற்கெனவே இரண்டு வண்டிகளுக்கு இந்த வேலை செய்து, இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. விபத்தில் நசுங்கிய ஒரு டீசல் காரிலிருந்து எடுத்த டர்போவைக் கழுவி மாட்டினான். மூன்று வாரம் ஆயிற்று. சாவியைக் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொன்னான். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும். வண்டி சூடாவதற்கு முன் விரட்டக்கூடாது. ஓட்டி வந்து நிறுத்தியதும் உடனே ஆஃப் பண்ணாமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். உள்ளே டர்போ ஆற வேண்டும்.

தேர்வுப் பிரிவில் இருப்பவரிடம் விதிமுறை சொன்னால் கேட்கவா வேண்டும். மூன்றையும் காகிதத்தில் எழுதி, டிரைவர் சீட்டுக்கு மேலே வெயில் மறைக்கிற அட்டையில் ஒட்டிக்கொண்டார். வீட்டுக்குக் கீழே வந்து நின்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் பார்க்கிங்கிலும் அப்படியே. அங்கே இருந்த செக்யூரிட்டி, பாவம் சார் வீட்டில் பேச முடியாமல் வண்டிக்குள் உட்கார்ந்து போன் பேசுகிறார் என்று முடிவு கட்டியிருந்தார்.

முதல் மாதம் நன்றாக இருந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சினுக்குள் எங்கோ மெல்லியதாக ஒரு விசில் கேட்கும். அடுத்த நொடி சீட் முதுகைப் பிடித்துத் தள்ளும். முதல் தடவை அது நடந்தபோது ஷ்யாம்சுந்தர் தனியாகச் சிரித்துவிட்டார். இடைவெளி வந்தது, மிதித்தார், இடைவெளிக்குள் இருந்தார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் காரணம் எதுவும் சொல்லாமல் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மார்ச்சில் ஆரம்பித்தது. பெருங்களத்தூர் அருகே டப்பென்று ஒரு சத்தம். காற்றுக் குழாய் கழன்று, வண்டி இருமி இருமி ஓரம் போயிற்று. பர்வேஸ் வந்து வேறு கிளிப் போட்டான். மே மாத வெயிலில் வண்டலூரில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றார். பெரிய ரேடியேட்டர் வந்தது. இவையெல்லாம் சில்லறைத் தொல்லை என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஜூலையில் கேம்ப் ரோட்டில், ஸ்ம்ருதியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கப் போகும்போது, பின்னால் கொசு மருந்து வண்டி போல நீலப் புகை கிளம்பிற்று. பைக்கில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். டர்போவுக்குள் பேரிங் போய்விட்டது.

ஸ்ம்ருதி ப்ளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுப்பவள். அன்று முதல் பீரியட் போச்சு. அதற்கு முன்னும் இரண்டு தடவை இந்த வண்டியால் தாமதம். தலைமையாசிரியை கூப்பிட்டு, காரை நம்பாமல் பஸ்ஸில் வரக்கூடாதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். வீட்டில் அவள் சத்தம் போடவில்லை. டர்போவுக்கு அவள் வைத்திருந்த பெயர் பெரிய மனுஷன். "உங்க பெரிய மனுஷனுக்கு இன்னும் ஒரு சான்ஸ் தரேன்," என்றாள். "அடுத்த டர்போ போடுங்க. ஆனா இன்னொரு தடவ நான் நடுரோட்டுல நின்னேன்னா, கழட்டிடணும். பழைய மாதிரி ஆக்கிடணும். சரியா?"

சரி என்றார். வேறென்ன சொல்வார். ஆனால் அந்த விசில் இல்லாமல் மேம்பாலம் ஏறுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் வாழ்க்கையில் அவராகக் கேட்டு வாங்கிய பொருள் அது ஒன்றுதான். படிப்பு அப்பா சொன்னது. வேலை சித்தப்பா சொல்லிக் கிடைத்தது. வீடு ஸ்ம்ருதியின் பள்ளிக்கூடத்தை உத்தேசித்துப் பார்த்தது.

ஆகஸ்டில் இரண்டாவது டர்போ. டிசம்பர் மழையில் அதுவும் போயிற்று. நல்லவேளை, அன்று அவர் தனியாக இருந்தார். ஒர்க்‌ஷாப்புக்குக் கால் கிலோமீட்டரில் புகை வந்ததால் அப்படியே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஸ்ம்ருதியின் கணக்கில் அது வராது என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

இந்த நான்கு மாதமும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எஞ்சினின் கம்ப்யூட்டரைத் திருத்திக் கொடுத்த கோயம்புத்தூர்க்காரர், மாட்டியவன் சரியில்லை என்றார். பர்வேஸ், பெட்ரோல் சரியில்லை என்றான். இணையத்தில் கேட்டதற்கு, ஆயில் மட்டம் என்று ஆறு பேரும், சின்னக் காருக்கு எதற்கு இந்த ஆசை என்று பதினாறு பேரும் பதில் போட்டார்கள். முஸ்தபா பாய் மட்டும் ஒன்றும் சொல்லாமல் மகனைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பர்வேஸுக்கு அந்தப் பார்வைதான் தாங்கவில்லை. எண்ணெய் வரும் மெல்லிய குழாயை அறுத்து உள்ளே காட்டினான். பல நாள் தேய்க்காத தோசைக்கல் ஓரம் போல, எண்ணெய் கருகிக் கருகிக் கல்லாகி வழியை அடைத்திருந்தது.

"வீட்டாண்ட போய் உடனே ஆஃப் பண்றீங்களா சார்?"

இரண்டு நிமிடம் என்றால் நூற்றிருபது விநாடி, தான் ஒரு நாளும் அதில் குறைத்ததில்லை என்றார் ஷ்யாம்சுந்தர். அவரைச் சந்தேகப்படுவதும் காந்தி படத்தைச் சந்தேகப்படுவதும் ஒன்று என்று பர்வேஸுக்குத் தெரியும். ஆயில் பம்ப்பை மாற்றினான். குழாயை மாற்றினான். மூன்றாவது டர்போவைப் போட்டுவிட்டு, இந்தத் தடவை தானே கூட உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னான். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் வண்டலூரைத் தாண்டி ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பினார்கள். பர்வேஸ் நன்றாக மிதிக்கச் சொன்னான். இவரும் மிதித்தார். விசில் சுத்தமாகக் கேட்டது. பெருங்களத்தூருக்கு முன்னால் ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. எண் எண்பத்தாறில் ஆரம்பித்து இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி நின்றது. எஞ்சினும் நின்றது.

பர்வேஸ் அவர் பக்கம் திரும்பினான்.

"சார்."

"ம்?"

"இப்போ இன்னா பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? சிக்னல்."

"உங்க கைய பாருங்க சார்."

ஷ்யாம்சுந்தர் குனிந்து பார்த்தார். வலது கை சாவியின் மேல் இருந்தது. சாவி திரும்பியிருந்தது. அதைத் திருப்பியது அவருக்கு நினைவில்லை. இமைப்பதை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள்.

"எல்லா சிக்னல்லயும் இப்டித்தானா?"

"பதினஞ்சு செகண்டுக்கு மேல காட்டினா," என்றார். சொல்லிவிட்டுக் கையைச் சாவியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

பர்வேஸ் தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டான். "ரெண்டு டர்போ சார். எங்க அத்தா மூஞ்சிலயே முழிக்க முடியாம நான் ஆயில் பம்ப்ப கழட்டிகினு கீறேன். உள்ள நெருப்பா கீது, நீங்க எஞ்சின நிறுத்திட்டா ஆயில் எங்கேந்து வரும்? இருக்கற ஆயில் அங்கயே வறுபடுது. ஒரு நாளைக்கு எத்தினி சிக்னல்? யார் சார் உங்களுக்கு இத கத்துக்குடுத்தது?"

எண் பூஜ்யத்துக்கு வந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஷ்யாம்சுந்தர் சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தார்.

கற்றுக்கொடுத்தவர் லக்ஷ்மிநாராயணன். தாம்பரத்தில் ரயில்வே கேட் மூடினால் இருபது நிமிடம் நிற்க வேண்டிய காலத்தில் ஸ்கூட்டர் ஓட்டியவர். கேட் விழுந்ததும் எஞ்சினை நிறுத்துகிற முதல் ஆள் அவர்தான். சுற்றிலும் புகை விட்டுக்கொண்டு நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சிக்னல்கள் வந்தன, எண் காட்டும் விளக்குகள் வந்தன. பதினைந்துக்கு மேல் எண் இருந்தால் நிறுத்த வேண்டும் என்பது அவர் சட்டம். ஷ்யாம்சுந்தர் இருபத்தைந்து வயதில் கார் பழகியபோது அவர் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தார். சிவப்பு விழுந்ததும் மோதிர விரலால் டேஷ்போர்டில் இரண்டு தட்டு. டக், டக். வாயைத் திறக்கமாட்டார். ஒரு வருடத்தில் தட்டு தேவைப்படாமல் போயிற்று. ஆனாலும் தட்டுவார், கை திரும்பியதைப் பார்த்த திருப்திக்கு. அடுக்ககத்தில் கார் வைத்திருக்கும் மற்ற மூன்று வீட்டுக்காரர்களுக்கும் இதைப் போதித்திருக்கிறார். வருகிற விருந்தாளிகளிடம், என் பையன் பதினோரு வருஷமா சிக்னல்ல ஒரு சொட்டு பெட்ரோல் எரிச்சதில்ல என்பார். மகனைப் பற்றி அவர் வெளியே பெருமையாகச் சொல்கிற விஷயம் இது ஒன்றுதான் என்று ஷ்யாம்சுந்தருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் முழுக்க அவர் கையோடு சண்டை போட்டார். சிக்னல் வருவதற்கு முன்பே வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். கேம்ப் ரோட்டில் ஜெயித்தார். தாம்பரத்தில் ஒரு போன் வந்தது. பேசி முடித்துப் பார்த்தால் எஞ்சின் அணைந்திருந்தது. சாவியில் சிவப்பு நூல் கட்டிப் பார்த்தார். கை நூலையும் சேர்த்துத் திருப்பிற்று. முப்பத்தாறு வயதில் தன் கையிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது. யார்மீது எரிச்சல் என்று யோசித்தால் அது போகிற இடம் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் பர்வேஸிடம் போய் ஒப்புக்கொண்டார்.

பர்வேஸ் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டினான். டைமர். சாவியைத் திருப்பினாலும், ஏன் உருவிக்கொண்டு இறங்கிப் போனாலும், எஞ்சின் தொண்ணூறு விநாடி ஓடிவிட்டுத்தான் நிற்கும். "இனிமே உங்க கை இன்னா வேணா பண்ணட்டும் சார். வண்டி கேக்காது."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்ம்ருதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வருடத்தில் அந்த வண்டி விஷயமாக அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு, "அப்பாகிட்ட சொல்லிடுங்க," என்றாள். "எப்பவாவது அவரும் எடுக்கறாரே."

"சொல்றேன்."

சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். அப்பா, நீங்க கத்துக்கொடுத்த பழக்கத்தால ரெண்டு டர்போ போச்சு. அப்பா, அந்தக் காலத்து வண்டிக்கு அது சரி. அப்பா, நீங்க சொன்னது தப்பில்ல, ஆனா. எப்படி அடுக்கினாலும் கடைசி பெஞ்சில் அந்த முதல் வாக்கியம்தான் வந்து உட்கார்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்து, "அப்பா, அந்த டர்போ..." என்று ஆரம்பித்தார். "ஏன், மறுபடியும் போச்சா?" என்றார் லக்ஷ்மிநாராயணன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இல்லப்பா. நல்லா இருக்கு." "நல்லா இருந்தா சரி." அதோடு முடிந்தது.

ஸ்ம்ருதி இரண்டாவது தடவை கேட்டபோது, "சொல்லிட்டேன்," என்று சொல்லிவிட்டார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்கு ஒரு பொய்யைக் காப்பாற்ற நிறைய வேலை இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் காலையில் கூட வருகிற அப்பாவிடம், ஆபீஸில் சீக்கிரம் வரச் சொல்கிறார்கள் என்று சொல்லி ஆறரை மணிக்கே கிளம்பினார். சிக்னலில் டக் டக் தட்டி, சாவி திரும்பியும் எஞ்சின் ஓடுவதை அப்பா பார்த்துவிட்டால் என்ன செய்வது. லக்ஷ்மிநாராயணன் மூன்று செவ்வாய் மஞ்சள் பையோடு பஸ்ஸில் போய் வந்தார். வண்டி அந்த மூன்று வாரமும் தேராக ஓடிற்று. சூடு ஏறவில்லை, புகை இல்லை, குழாய் கழலவில்லை. ஒரு வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த வண்டி கடைசியில் அவருக்குக் கிடைத்திருந்தது. அதை அனுபவிக்க முடியாமல் கண்ணாடியில் அப்பாவின் பையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வு வந்தது. ஸ்ம்ருதியை மேடவாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு எக்ஸ்டர்னலாக, வெளித் தேர்வாளராக, போட்டிருந்தார்கள். எட்டே முக்காலுக்குள் அங்கே இருக்க வேண்டும். அவள் போகாமல் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அதே நாள் ஷ்யாம்சுந்தருக்கு ஆபீஸில் தேர்வு. ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். போகும் வழியும் எதிரெதிர். அவர் விடியலில் தாம்பரம் போய் ரயிலைப் பிடித்துக்கொண்டார். ஸ்ம்ருதி ஆட்டோவில் போவதாக ஏற்பாடு.

ஹாலுக்குள் போன் கூடாது. பதினொன்றரைக்கு வெளியே வந்து லாக்கரைத் திறந்தபோது ஒன்பது மிஸ்டு கால் இருந்தது. ஐந்து ஸ்ம்ருதி, மூன்று அப்பா, ஒன்று பர்வேஸ். பர்வேஸின் பெயரைப் பார்த்ததும் முதலில் அவனைத்தான் கூப்பிட்டார். ஸ்ம்ருதி போன் பண்ணி விஷயம் சொன்னதாகவும் வண்டிக்கு ஒன்றும் இல்லை என்றும் பர்வேஸ் ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் சொன்னதையும், சாயங்காலம் வீட்டில் கேட்டதையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது இதுதான்.

ஆட்டோ இரண்டு தடவை புக் ஆகி இரண்டு தடவையும் கேன்சல் ஆயிற்று. லக்ஷ்மிநாராயணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, நான் எதுக்கு இருக்கேன் என்று சாவியை எடுத்தார். ஸ்ம்ருதி பின் சீட்டில் உட்கார்ந்து மார்க் ஷீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமனாருக்கு டைமர் விஷயம் தெரியும் என்றுதான் அவள் நினைத்தாள், சொல்லிட்டேன் என்றாரே. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் சிவப்பு. எண் நூற்றுப் பத்து. லக்ஷ்மிநாராயணன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடிற்று. மறுபடி போட்டுத் திருப்பினார். ஓடிற்று. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஓடிக்கொண்டே இருந்தது.

சாவி கையில் இருக்கும்போது ஓடுகிற எஞ்சினை அவர் எழுபத்தோரு வயதுவரை பார்த்ததில்லை. டர்போ போட்ட வண்டி, ஏற்கெனவே புகை கிளம்பிய வண்டி, பின்னால் மருமகள். பதறினாலும் ஓட்டத் தெரிந்தவர்; பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியரைப் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டார். வண்டி ஓர் உதறு உதறி நின்றது. டேஷ்போர்டில் விளக்குகள் மட்டும் அணையவில்லை. கரன்ட் போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டார். முப்பத்து நான்கு வருடத்து இலாகாக்காரருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. இறங்கி, பானெட்டைத் தூக்கி, பேட்டரியின் ஒயரைக் கையாலேயே முறுக்கிப் பிடுங்கினார். விளக்குகள் அணைந்தன. சிக்னல் பச்சைக்கு வந்தது.

"அப்பா, அது டைமர்," என்று ஸ்ம்ருதி கத்தியது அதற்குப் பிறகுதான்.

"என்ன டைமர்?" என்றார் லக்ஷ்மிநாராயணன், கையில் ஒயரோடு.

நாலாப் பக்கமும் ஹாரன். இரண்டு பேர் இறங்கி வண்டியை ஒரு டீக்கடை ஓரம் தள்ளிக் கொடுத்தார்கள். ஒயரை மாட்டி மறுபடி எடுக்கலாம் என்று ஸ்ம்ருதி சொன்னதை அவர் கேட்கவில்லை. இந்த வண்டியில் நீ ஏறக்கூடாது என்று பின்கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். அவள் மெயின் ரோட்டில் கிடைத்த ஷேர் ஆட்டோவில் தொற்றி ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தாள். முப்பது பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு வெளியே நின்றிருந்தார்கள். அந்தப் பள்ளியிலிருந்து மேலே புகார் போயிற்று.

சாயங்காலம் ஷ்யாம்சுந்தர் வீட்டுக்குள் நுழைந்தபோது லக்ஷ்மிநாராயணன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் இரண்டு விரலுக்குப் பிளாஸ்திரி போட்டிருந்தது. ஸ்ம்ருதி சமையலறை வாசலில் டம்ளரோடு நின்றாள்.

"சாவி கையில இருக்குடா. ஓடுது," என்றார் அப்பா. காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது குரலில் தெரிந்தது. "எனக்குத் தீப்பிடிச்சுடும்னு. பின்னாடி இவ வேற உக்காந்திருக்கா." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "எதுக்குடா அந்த டைமர்?"

ஷ்யாம்சுந்தர் ஸ்ம்ருதியைப் பார்த்தார். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்தது. ஒரே வாக்கியம். அதைச் சொன்னால் வண்டியின் மேல் தப்பில்லை என்று ஆகும். பெரிய மனுஷன் தப்பித்துக்கொள்வார். அப்பாவின் பிளாஸ்திரி ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"பர்வேஸ் போட்டான்பா," என்றார். "தேவையே இல்ல. எடுத்துடச் சொல்றேன்."

"டர்போவையும் சேத்து எடுத்துடச் சொல்லு."

"சரிப்பா."

அறைக்குள் வந்ததும் ஸ்ம்ருதி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் புடவையை மடித்துக்கொண்டே, "சொல்லிட்டேன்னு சொன்னீங்க," என்றாள். அந்தப் பழைய நிபந்தனையை அவள் எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். பர்வேஸ் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். பிறகு டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாயைக் கழற்றி, விளக்கை உள்ளே அடித்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். உள்ளே புதுப் பாத்திரம் போல மின்னிற்று. ஒரு துளி கரி இல்லை.

"பாருங்க சார். ஒரு வருஷம் பேஜார் பட்டு இப்பதான் வண்டி கல்லு மாதிரி கீது. இப்போ போய் கழட்ட சொல்றீங்களே. அப்பாவாண்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும்."

"நான் வோணா வந்து சொல்லட்டா?"

"வேண்டாம் பர்வேஸ். கழட்டிடு."

பர்வேஸ் ஸ்பானரை எடுத்தான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முஸ்தபா பாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவன் குனிந்து வேலையை ஆரம்பித்தான். ஷ்யாம்சுந்தர் வெளியே போய் முடிச்சூர் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லக்ஷ்மிநாராயணன் மஞ்சள் பையோடு இடது சீட்டில் ஏறினார். ஆபீஸில் சீக்கிரம் வரச் சொல்லவில்லையா என்று கேட்டார். இனிமேல் இல்லை என்றார் ஷ்யாம்சுந்தர். பின் சீட்டில் ஸ்ம்ருதி விடைத்தாள் திருத்திக்கொண்டு வந்தாள். கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. எழுபத்து நான்கு. டக், டக். கை திரும்பிற்று. எஞ்சின் உடனே அணைந்தது. அந்த அமைதியில் பக்கத்து வண்டியின் எஃப்.எம். வரை கேட்டது.

"பாத்தியா," என்றார் அப்பா. "இப்பதான் சொன்ன பேச்சக் கேக்குது."

பின்னால் பேனா ஒரு விநாடி நின்றது. பிறகு மறுபடி காகிதத்தில் ஓடிற்று.

ஸ்ம்ருதியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு மேம்பாலத்தில் ஏறினார்கள். முன்னால் ஒரு தண்ணீர் லாரி. அதன் வலது பக்கம் ஓர் இடைவெளி திறந்தது. ஷ்யாம்சுந்தர் மிதித்தார். காது தன்னையறியாமல் விசிலுக்குக் காத்திருந்தது. வண்டி யோசித்தது. பின்னாலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ, கம்பியில் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்க, குறுக்கே புகுந்து அந்த இடைவெளிக்குள் போயிற்று.

"போகட்டும் விடு," என்றார் லக்ஷ்மிநாராயணன்.

ஷ்யாம்சுந்தர் காலைத் தளர்த்தி இரண்டாவது கியருக்கு மாற்றினார்.